பிள்ளையின் சமயத்தை முடிவு செய்வது யார்?



நமது ஜொகூர்த் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் மணியோசையும் சூராவிலிருந்து எழும் பாங்கொலியும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பலகாரத் தட்டுகள் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. இப்படி வாழும் நம்மிடையே, ஒரு குடும்பத்தில் கணவனோ மனைவியோ சமயம் மாறினால் மற்றவர்களின் நிலை என்ன? இன்று இதனைச் சிறிது ஆராய்வோம்.

நமது நாட்டின் அரசமைப்புச் சட்டம் 1957இல் வந்தது. இஸ்லாம் கூட்டரசின் சமயம். பிற சமயங்களையும் அமைதியோடு பின்பற்றலாம் என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை 11ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. ஆகவே, வயது வந்த ஒருவர் மனமொப்பி இஸ்லாத்தைத் தழுவினால் அது அவரது உரிமை. அவரை ஏசுவதும் ஒதுக்குவதும் முறையல்ல. ஆனால், நன்கு சிந்தித்தே அந்த அடியை எடுத்து வைக்க வேண்டும். இஸ்லாத்தை விட்டு விலக விரும்புவோருக்கு ஷரியா நீதிமன்றத்தின் உத்தரவு தேவை என்று 2007ஆம் ஆண்டு லீனா ஜோய் வழக்கில் தீர்ப்பாயிற்று.

சரி, பிள்ளைகள்? 18 வயதுக்குக் குறைந்தவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்பது 12ஆம் பிரிவு. தாய் தந்தை இருவருமா, ஒருவர் போதுமா? இங்குதான் சிக்கல் எழுந்தது.

2009ஆம் ஆண்டு, ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியையான திருமதி எம். இந்திரா காந்தியின் கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். மனைவிக்குத் தெரியாமலே மூன்று பிள்ளைகளையும் முஸ்லிம்களாகப் பதிவு செய்தார். அந்தப் பிள்ளைகள் அதிகாரியின் முன் வரவும் இல்லை, கலிமா சொல்லவும் இல்லை. பதினொரு மாதக் கைக்குழந்தையையும் அவர் தம்மோடு கொண்டு சென்றார்.

தாய் நீதிமன்றப் படியேறினார். 2013இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2015இல் மேல்முறையீட்டில் தோற்றார். 2018 ஜனவரி 29ஆம் நாள், கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: தாய் தந்தை இருவரும் உயிரோடிருந்தால் இருவரின் சம்மதமும் வேண்டும். அந்த மதமாற்றப் பதிவு செல்லாததாயிற்று. ஆனால் அதன் பின்னும், அந்தக் கைக்குழந்தையைக் காணாமலே தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் அதன் நகலையும் பத்திரமாக வையுங்கள். சிக்கல் வந்தால் வழக்கறிஞரையோ அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையோ தாமதமின்றி நாடுங்கள்.

எந்தச் சமயத்தையும் நாம் குறை கூறவில்லை. பெற்றவள் அறியாமல் பிள்ளையின் சமயத்தை மாற்றுவது, எந்தச் சமயத்தின் பெயரால் நடந்தாலும் நியாயமாகாது.