தேனீக் கூட்டங்களில் உண்ணிச் சோதனை

தேனீக் கூட்டங்களில் உண்ணிச் சோதனை என்பது தேனீக்களின் உடலிலும் புழு அறைகளிலும் ஒட்டுண்ணியாக வாழும் உண்ணிகளைக் கண்டறிந்து, அவற்றின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறை ஆகும். உண்ணிகள் பூச்சிகள் அல்ல. எட்டுக் கால்களைக் கொண்ட, சிலந்தி வகுப்பைச் சேர்ந்த உயிரிகள். புழு வளர்ப்பு நடைபெறும் காலத்தில் வரோவா உண்ணிகளில் பெரும்பகுதி மூடிய அறைகளுக்குள் மறைந்திருக்கும். எனவே வெளித்தோற்றத்தில் வலுவான கூட்டத்திலும் தாக்குதல் முற்றியிருக்கக்கூடும். பெட்டியைத் திறந்து பார்ப்பது மட்டும் போதாது. எண்ணிக் கணக்கிட வேண்டும்.

உண்ணி வகைகள்

வரோவா: செம்பழுப்பு நிறமும் தட்டையான நீள்வட்ட வடிவமும் உடையது. அகலம் சுமார் 1.6 மி.மீ.; நீளம் அதைவிடக் குறைவு. தேனீயின் கொழுப்புத் திசுவை உண்பதோடு, சிறகுச் சிதைவு நச்சுயிரியையும் பரப்புகிறது. சாவாவில் கிடைத்த வரோவா ஜேகப்சோனி 1904இல் விவரிக்கப்பட்டது. இத்தாலியத் தேனீயை அழிப்பது வேறு இனம் என அறியப்பட்டு, 2000ஆம் ஆண்டில் அதற்கு வரோவா டெஸ்ட்ரக்டர் எனப் பெயரிடப்பட்டது. பழைய நூல்களில் முதற்பெயரே காணப்படும்.

ட்ரோபிலேலாப்ஸ்: சுமார் 1 மி.மீ. நீளமுள்ள, ஒடுங்கிய உடலுடைய உண்ணி. அடையின் மீது விரைந்து ஓடும். இதன் இயற்கை ஓம்புயிர் மலைத்தேனீ ஆகும்.

ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதி

கருநாடக எல்லையை ஒட்டிய இப்பகுதி தொழிற்சாலைகளுக்கு மட்டுமன்றி மாந்தோப்புகளுக்கும் மலர்ச் சாகுபடிக்கும் பெயர் பெற்றது. பூக்கும் பருவத்தை நாடிப் பெட்டிகளை இடம் மாற்றும் வளர்ப்பு முறையில், உண்ணிகளும் பெட்டிகளுடன் பயணிக்கின்றன. உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் கட்டடங்களிலும் கூடு கட்டும் மலைத்தேனீ, ட்ரோபிலேலாப்சின் இயற்கை இருப்பிடமாக உள்ளது. எனவே தென்னிந்தியாவில் இத்தாலியத் தேனீ வளர்ப்போர் இரு உண்ணிகளையும் தேட வேண்டியுள்ளது.

இந்தியத் தேனீயில் வரோவா பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளிலேயே இனப்பெருக்கம் செய்கிறது. பணித்தேனீக்களும் உண்ணிகளைப் பற்றி அகற்றுகின்றன. இதனால் இரண்டும் நெடுங்காலமாக ஒன்றாக வாழ்ந்து வருகின்றன. இத்தாலியத் தேனீயில் பணித்தேனீ அறைகளிலும் வரோவா பெருகுவதால், கட்டுப்படுத்தாவிடில் கூட்டம் அழிகிறது.

1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் மடிந்ததற்குக் காரணம் தாய்லாந்து பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோயாகும். எனவே புழுக்கள் இறந்து கிடப்பதை மட்டும் கொண்டு உண்ணித் தாக்குதல் என முடிவு செய்ய இயலாது.

சோதனை முறைகள்

சர்க்கரைத் தூள் முறை: புழு உள்ள சட்டத்தில் ராணித் தேனீ இல்லை என்பதை உறுதி செய்தபின், சுமார் 300 தேனீக்கள் (ஏறத்தாழ அரைக் கோப்பை) வலை மூடியுள்ள புட்டியில் எடுக்கப்படுகின்றன. இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரைத் தூள் இட்டு உருட்டி, சில நிமிடங்கள் கழித்து வெண்தட்டின் மீது கவிழ்த்துக் குலுக்கினால் உண்ணிகள் விழும். தேனீக்கள் உயிருடன் கூட்டத்திற்குத் திரும்பும். ஈரப்பதம் மிகுந்தால் தூள் கட்டியாகி எண்ணிக்கை குறையலாம்.

சாராயக் கழுவல் முறை: இது மேலும் துல்லியமானது, ஆனால் எடுக்கப்பட்ட தேனீக்கள் இறந்துவிடும்.

அறை திறப்பு முறை: மூடிய அறைகளைத் திறந்து கூட்டுப்புழுக்களை ஆய்வது. வரோவாவுக்கு ஆண் தேனீ அறைகளே முதலில் பார்க்கத்தக்கவை.

சட்டம் தட்டும் முறை: புழு உள்ள சட்டத்தை வெண்தட்டின் மீது தட்டி, விழுபவற்றை எண்ணுவது. ட்ரோபிலேலாப்ஸ் வளர்ந்த தேனீயிடமிருந்து உணவு பெற இயலாததால், அதன் உடலில் அரிதாகவே தங்கும். ஆகவே சர்க்கரை முறையில் அது சிக்காமல் போகலாம். இம்முறையும் அறை திறப்பும் அதற்கு ஏற்றவை.

கணக்கீடும் நடவடிக்கையும்

கிடைத்த உண்ணிகளைத் தேனீக்களின் எண்ணிக்கையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் தாக்குதல் விழுக்காடு கிடைக்கும். 300 தேனீக்களில் 9 உண்ணிகள் எனில் 3 விழுக்காடு. வரோவாவைப் பொறுத்தவரை வட அமெரிக்க வழிகாட்டுதல்களில் இவ்வளவு பொதுவாகச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கொள்ளப்படுகிறது. பருவத்திற்கேற்ப இது மாறும்.

ஃபார்மிக் அமில ஆவி மூடிய அறைகளுக்குள்ளும் செல்லும். ஆக்சாலிக் அமிலம் அறைகளுக்கு வெளியே உள்ள வரோவாவை மட்டுமே பெரிதும் கொல்லும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் எண்ணிப் பார்த்தாலே அது பயனளித்ததா என்பது தெரியவரும்.