கூடை நண்டின் மூச்சு

கொடுக்கைக் கட்டிக் கூடையில் போட்ட சேற்று நண்டு, தண்ணீரை விட்டு வெளியே வந்து இரண்டு நாள் கழித்தும் கண்ணை உருட்டிப் பார்க்கும். விரால் மாதிரி சிலதைத் தவிர மீன்கள் அவ்வளவு தாங்குவதில்லை. பண்ணை இறால் ஐஸ் பெட்டிக்குத்தான் போகிறது. நண்டோ சென்னையில் விமானம் ஏறி, சிங்கப்பூர் உணவகத் தொட்டி வரை உயிரோடு போய்ச் சேர்கிறது. வேறு வழியும் இல்லை. செத்த நண்டின் சதை மளமளவென்று கெட்டுவிடும். உயிர் போனால் விலையும் போயிற்று.

கெடிலம் ஆற்றங்கரையிலுள்ள திருநாவலூர்க்காரர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். கெடிலக் கரை வயல்களில் வரப்பு வளையிலிருந்து பிடித்த நண்டு, ஈரச் சாக்குக்குள் இருந்தால் பொழுது சாயும்வரை தாக்குப்பிடிக்கும். அதே ஆறு கடலூரில் கடலைத் தொடுகிறது. அப்படிப்பட்ட கழிமுகங்கள்தான் சேற்று நண்டின் வீடு. அதன் தந்திரமும் ஈரம்தான்.

ஓட்டுக்கு அடியில், பக்கத்துக்கு எட்டாகச் செவுள்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிய அறையில் நண்டு கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைத்துக்கொள்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தத் தண்ணீரில் கரைந்து ரத்தத்துக்குப் போகிறது. வாயருகே நுரை தள்ளுகிறதே, அது தேக்கிய தண்ணீரில் காற்றைக் கலக்கும் வேலை. ஈரம் வற்றினால் செவுள் மடிப்புகள் நனைந்து காய்ந்த புத்தகத் தாள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு சுற்றிலும் எவ்வளவு காற்று இருந்தும் பயனில்லை.

ஆனால் கூடையில் நண்டைக் கொல்வது மூச்சுத் திணறல் மட்டுமல்ல, கழிவும்தான். தண்ணீருக்குள் இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் அமோனியாவும் செவுள் வழியே தாமாகக் கழுவிப்போகும். வெளியே வந்தால் இரண்டும் ரத்தத்திலேயே தேங்குகின்றன. முதலாவது ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டுகிறது, இரண்டாவது நஞ்சு. அனுப்புவதற்கு முன் நண்டைப் பட்டினி போடுவது அதனால்தான்: தீனி குறைந்தால் அமோனியாவும் குறையும். கொடுக்கைக் கட்டுவது விரலைக் காப்பாற்ற மட்டுமல்ல. துள்ளிச் சண்டையிட்டால் தசையில் லாக்டிக் அமிலம் சேரும், ஒன்றையொன்று குத்திக் காயப்படுத்தவும் செய்யும்.

குளிர்ச்சி உதவும், அளவோடு. 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. உடலின் தேவைகள் அடங்கிவிடும். வெப்பமண்டல நண்டை ஐஸில் புதைப்பது வீண் வேலை, அந்தக் குளிரை அது தாங்காது. போய்ச் சேர்ந்ததும் சின்ன வாளித் தண்ணீரில் போடுவது அதைவிட மோசம். தேக்கிவைத்த அமோனியா மொத்தமும் அந்த வாளியில்தான் இறங்கும். முதலில் ஓடும் உப்புநீரில் அலசி, பிறகு தொட்டியில் விட வேண்டும்.

சீர்காழிக்குப் பக்கத்தில் தொடுவாயில், கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடாவின் ஆராய்ச்சிப் பிரிவான ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறது. குஞ்சை அனுப்பும்போதும் ஈரம், குளிர்ச்சி, கழிவு என்று இதே கணக்குதான். உடல் சிறியது, சீக்கிரம் காய்ந்துபோகும் என்பதால் இன்னும் கண்டிப்பான கணக்கு.

சிப்பிகளின் வழி வேறு. கேரளத்து அஷ்டமுடிக் காயலில் வளர்க்கும் ஆளிச் சிப்பி, தண்ணீர் விலகியதும் ஓட்டை இறுக மூடிக்கொள்கிறது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்ததும் உடலின் வேலைகளைப் பெருமளவு குறைத்துக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாமலே சக்தி எடுக்கும் முறைக்கு மாறுகிறது. அதில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்க, தன் ஓட்டுச் சுண்ணாம்பையே கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. குழிந்த ஓடு கீழே இருக்கும்படி அடுக்கினால் உள்நீர் ஒழுகாது. வாய் பிளந்த ஆளியை விரலால் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாததைக் கொட்டிவிடுவதே நல்லது.