தீயைக் காணாத தீயணைப்பாளர்

காட்டுத் தீ என்றதும் நம் நினைவுக்கு வருவோர் தீயணைப்பு வீரர்களே. அவர்களுக்குப் பின்னால், தீயையே காணாமல் பணியாற்றும் கட்டுப்பாட்டறை ஊழியரை நாம் எண்ணுவதில்லை.

அமெரிக்காவில், புகை கண்டவரின் தொலைபேசி அழைப்பை ஏற்பவர் இவரே. இடத்தை வரைபடத்தில் குறித்து, ஆட்களையும் வாகனங்களையும் விமானங்களையும் அனுப்புகிறார். வானிலை எச்சரிக்கையை வயர்லெஸ்ஸில் வாசித்து அறிவிப்பதும் இவரது கடமையாகும்.

அக்கடமையின் பெறுமதி என்ன? 1994 ஜூலை 6ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் ஸ்டோர்ம் கிங் மலையில் 14 தீயணைப்பாளர்கள் தீக்கிரையாகினர். பலத்த காற்று வீசும் என அன்று முன்னறிவிப்பு வெளியாகியிருந்தது. அது மலையில் நின்றவர்களைச் சென்றடையவில்லை என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

ஆகவே, அறிவித்தலை வாசிப்பதோடு வேலை முடிவதில்லை. "கேட்டோம்" என்ற மறுமொழி வரும்வரை அவர் ஓயலாகாது.