அக்டோபர் 31 இரவுக்குப் பேய்கள் எப்படி வந்தன?

அக்டோபர் முடியும்போது அமெரிக்காவிலிருந்து பேரப்பிள்ளைகளின் படம் வரும். எலும்புக்கூடு வரைந்த உடுப்பு, பக்கத்தில் கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே விளக்கு வைத்த பூசணிக்காய். ஹாலோவீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: அது கெல்ட் மக்கள் செத்தவர்களுக்காகக் கொண்டாடிய பழைய திருவிழா, திருச்சபை அதற்குப் பேர் மாற்றித் தன்னுடையதாக்கிக்கொண்டது. இதில் எவ்வளவு உண்மை என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அயர்லாந்துக்குப் போவோம். அங்கே நவம்பர் 1-க்குச் 'சாவன்' என்று பேர். கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகளைக் கீழே ஓட்டிவரும் காலம் அது. குளிர்காலத்துக்குத் தீவனம் காணாது என்பதால் சிலவற்றை அடித்து இறைச்சியைப் பதப்படுத்துவார்கள். அவர்கள் கணக்கில் பொழுது சாய்ந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடும். அதனால் கொண்டாட்டம் அக்டோபர் 31 மாலையிலேயே தொடங்கியது. அன்று மண்மேடுகள் திறந்து வேற்றுலகத்தார் வெளியே வருவார்கள் என்று பழைய ஐரிஷ் கதைகள் சொல்கின்றன.

அந்தக் கதைகளை ஏட்டில் எழுதியவர்கள் யார்? கிறிஸ்தவத் துறவிகள். நாடு கிறிஸ்தவமாகிச் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் எழுதினார்கள். கெல்ட் பூசாரிகளான ட்ரூயிட்கள் தங்கள் கையால் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஆகவே அவர்கள் அந்த இரவில் என்ன சடங்கு செய்தார்கள் என்று இன்று விவரமாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் பிற்காலக் கற்பனை. சாவன் ஒரு மரண தேவன் என்ற கதையும் அப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வேலன்சி என்பவர் எழுதியது, இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இனி திருச்சபைக்கு வருவோம். 609-இல் போப் நான்காம் போனிபாஸ், ரோமின் பாந்தியன் கோயிலை மாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தார். அது மே 13. அந்த நாளில் கொண்டாடிய புனிதர் அனைவரின் திருநாள், ஹாலோவீனுக்கு மறுநாளான நவம்பர் 1-க்கு நகர்ந்தது பிறகுதான். 800-ஐ ஒட்டி இங்கிலாந்திலும் ஜெர்மானியப் பகுதிகளிலும் அந்தத் தேதி வழக்கத்துக்கு வந்தது. 835-இல் பிராங்கு அரசன் லூயி அதைத் தன் நாடு முழுதும் நிலைநாட்டினான். அதே காலத்தில் அயர்லாந்தில் இந்தத் திருநாள் ஏப்ரல் 20! சாவனை விழுங்குவதற்காகத் தேதியை மாற்றியிருந்தால், முதலில் மாற்றியிருக்க வேண்டியவர்கள் ஐரிஷ்காரர்கள் அல்லவா? வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் எழுப்பும் கேள்வி இது. எனக்கு இது வலுவான வாதமாகவே படுகிறது.

அப்படியானால் செத்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள்? கி.பி. 1000-ஐ ஒட்டி, பிரான்சின் க்ளூனி மடத்தலைவர் ஓடிலோ, உத்தரிக்கிற ஸ்தலத்தில் வாடும் ஆத்துமாக்களுக்காக வேண்டிக்கொள்ள நவம்பர் 2-ஐ ஒதுக்கினார். பின்னர் இங்கிலாந்தில் ஏழைகள் வீடுவீடாகப் போய், கொடுத்த சிறு அப்பத்தை வாங்கிக்கொண்டு அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபித்தார்கள். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் வேடம் கட்டிப் போய்ப் பாடினார்கள்.

தாத்தா போட்ட ஓட்டு வீட்டில் மகன் திண்ணை இழுத்து, பேரன் மாடி எடுத்தது போலத்தான் இந்தப் பண்டிகையும். முழு வீட்டையும் தாத்தா தலையில் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

பூசணிக்காய் கடைசியாகக் கட்டிய மாடி. அயர்லாந்தில் குடைந்தது டர்னிப் கிழங்கை. அங்கே மேயோ மாவட்டத்திலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. மூலக் கிழங்கை 1943-இல் டொனிகலிலிருந்து ஒருவர் கொடுத்தார். சுருங்கிய முகம், குழிந்த கண்கள், கோணல் பற்கள். பூசணியைவிட இதுதான் உண்மையில் பயமுறுத்துகிறது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் லட்சக்கணக்கானோரை அமெரிக்காவுக்குத் துரத்தியது. அங்கே பூசணி மலிவு, பெரிது, குடையவும் எளிது. மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டுவது ஊரெங்கும் பரவியது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

ஓடிலோ வைத்த நவம்பர் 2 தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றும் நம் கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாள் அதுதான். பேரப்பிள்ளை அடுத்த முறை படம் அனுப்பினால், மே 13-இலிருந்து கதையைத் தொடங்கிச் சொல்லுங்கள்.