நான்கு சுவருக்கும் நீலம்

எங்கட ஆட்களின் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், சுவரெல்லாம் ஒரே நிறம். வீட்டைக் கட்டி விற்ற கொம்பனி பூசிவிட்டுப் போன மங்கல் பழுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "நாளைக்கு விற்கேக்க கரைச்சல்" என்பார்கள். பத்துப் பதினைந்து வருடமாக அதே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். எப்போதோ வரப்போகிற ஒருவருக்காகச் சுவரைக் காத்து வைத்திருப்பது எனக்கு விளங்கவே இல்லை.

போன வருடம் ஸ்காபரோவில் எங்கள் ஹோலின் நான்கு சுவர்களுக்கும் அடர்நீலம் பூசினோம். பெஞ்சமின் மூரின் 'ஹேல் நேவி'. அம்மா வந்து பார்த்துவிட்டு, "உந்த நிறத்தில வீடு இருண்டெல்லோ கிடக்குது தம்பி, பிள்ளையள் புழங்கிற இடம்" என்றா.

அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு பெயின்ற் நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் கொடுப்பார்கள். விழும் ஒளியில் எத்தனை வீதத்தைச் சுவர் திருப்பித் தரும் என்பது அது. நல்ல வெள்ளைக்கு 80க்கு மேல். அடர்நீலங்களுக்குப் பெரும்பாலும் 10க்குக் கீழ். அதனால் நிறத்தைத் தெரிவதற்கு முன் லைற்றை யோசியுங்கள். டிசம்பரில் ரொறன்ரோவில் ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும். பிள்ளைகள் பள்ளியால் வந்து படுக்கும் வரை மின்வெளிச்சம்தான். எங்கள் வீடுகளில் வழக்கமாக இருக்கிற, கூரை நடுவில் ஒற்றை லைற் இதற்குக் காணாது. 2700 கெல்வின் மஞ்சள் பல்ப்பில் நீல ஒளி குறைவு, சுவர் கறுப்பாகத்தான் தெரியும். நாங்கள் 3000க்கு மாறி, மூலைகளில் மூன்று விளக்கு வைத்தோம். கூரை வெள்ளையாகவே இருக்கிறது.

கடை வெளிச்சத்தில் சின்ன அட்டையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பெரிய மட்டையொன்றில் மாதிரியைப் பூசி, இரண்டு நாள் சுவர் சுவராக மாற்றி வைத்து, இரவிலும் பாருங்கள். வடக்குப் பார்த்த அறையில் அதே நீலம் இன்னும் குளிர்ந்து, சாம்பலடித்துத் தெரியும்.

அடர்நிறப் பெயின்ற்றில் டைட்டானியம் டைஒக்சைட் என்ற வெள்ளைத்தூள் குறைவு. பழைய நிறத்தை மறைக்கும் சக்தியும் குறைவு. அடியில் சாம்பல் கலந்த பிறைமர் அடித்தால் ஒரு பூச்சு மிச்சம். அடுத்தது கை அடையாளம். முழு மற் பூச்சில் நெய்க்கை பட்ட இடம் பளபளக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழுவக்கூடிய எக்‌ஷெல் நல்லது. ஆனால் அதில் சுவரின் மேடு பள்ளம் தெரியும், முதலே தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

அம்மாவிடம், ஊரில் சுண்ணாம்புக்கு நீலம் கலந்துதானே அடித்தீர்கள் என்று கேட்டேன். "அது வெள்ளையைத் தூக்கிக் காட்ட" என்றா. அவவின் பள்ளிச் சட்டைக்கும் அதே நீலம்தான். அல்ட்ராமரின்: ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் கல்லை அரைத்து எடுத்தது, 1820களில் பிரான்சில் செயற்கையாகச் செய்யப் பழகிய பிறகு சலவைக்கு வரும் அளவுக்கு மலிந்தது.

நீலத்துக்கு எதிர் நிறம் செம்மஞ்சள். அதனால் பித்தளை அதன் முன் எடுப்பாக நிற்கும். மூலையில் ஒதுங்கிக் கிடந்த எங்கள் குத்துவிளக்கை இப்போது வந்தவர்கள் எல்லாரும் விசாரிக்கிறார்கள், எங்கே வாங்கினது என்று. அம்மா கொண்டு வந்ததுதான்.

விற்கிற நாள் வந்தால்? ஒரு பிறைமர், இரண்டு பூச்சு வெள்ளை, ஒரு சனி ஞாயிறு.