வேலைகளை வகுத்தெழுதும் முறை

தீபாவளிச் சரக்குக்கான உற்பத்தித் திட்டத்தைச் சங்கங்கள் பலவும் ஒரே நீளப் பட்டியலாக எழுதிவைக்கின்றன. நூல் கொள்முதல், சாயம், பாவு, நெசவு, மடிப்பு என இருபது முப்பது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எது எதனுள் அடங்கும், எது முடிந்தபின் எதைத் தொடங்கலாம் என்பன காரியதரிசியின் மனத்தில் இருக்குமேயன்றிக் காகிதத்தில் இரா. அவர் நான்கு நாள் வெளியூர் சென்றால் வேலை தடுமாறும்.

திட்ட மேலாண்மைக்கென அமைந்த கணிப்பொறி மென்பொருள்கள் இக்குறையை நீக்க உதவும். மைக்ரோசாப்ட் புராஜெக்ட் விலை கொடுத்துப் பெறுவது; கேன்ட்புராஜெக்ட் இலவசமாகவே கிடைக்கிறது. இவற்றில் ஒரு வரியை வலப்புறமாக உள்ளே தள்ளினால், அது மேல்வரியின் உட்பணியாகும், மேல்வரி தலைப்பாகிவிடும். தலைப்பு என்பது தனியே செய்யும் வேலையன்று. முதலில் தொடங்கும் உட்பணியின் தொடக்கமே அதன் தொடக்கம்; கடைசியில் முடியும் உட்பணியின் முடிவே அதன் முடிவு. இக்கணக்கை மென்பொருளே போட்டுக்கொள்ளும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ‘பாவு தயாரிப்பு’ என்னும் தலைப்பின்கீழ் நூல் கொள்முதலுக்கு 4 நாள், சாயமேற்ற 6 நாள், பாவு ஓட 5 நாள் என்று எழுதுவதாகக் கொள்வோம். தலைப்புக்கு எதிரே 6 நாள் என்றே காணும்! மூன்று பணிகளும் ஒரே நாளில் தொடங்குவதாக மென்பொருள் கருதியதே காரணம். ஒரு தலைப்பில் அடக்குவது வேறு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பது வேறு. முந்திய பணி எதுவென்று ஒவ்வொன்றுக்கும் குறித்துத் தொடுத்தபின்னரே 15 நாள் என்ற உண்மை வெளிப்படும். இந்த 9 நாள் வேறுபாடு சிறிதன்று. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் ஊர்களில், வேலை வடகிழக்குப் பருவமழைக்குள் நழுவிவிட்டால் பாவு உலராது. தறி காத்துக் கிடக்கும். நெசவாளர் கூலி இழப்பர்.

இவ்வாறு பணிகளைத் தொடுத்து நாள் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியார் 1957-ஆம் ஆண்டளவில், ஆலை நிர்மாண வேலைகளை முன்னிட்டு உருவாக்கினர்.

பயிர்த்தொழிலில் நேர்மாறான பிழை நேர்வதுண்டு. நாற்றங்கால் 25 நாள், வயல் உழவு 12 நாள், நடவு 3 நாள்; மூன்றையும் வரிசையாகத் தொடுத்தால் 40 நாள் வரும். நாற்று வளரும்போதே உழவும் நடக்குமல்லவா? நடவை மட்டும் அவ்விரண்டுடனும் தொடுத்தால் 28 நாளே.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது? ஒரு வரிக்கு ஒருவரே பொறுப்பாளி, முடிந்ததா இல்லையா என்று பார்த்தவுடன் சொல்லலாம் என்ற நிலை வந்ததும் நிறுத்துவதே எமது அபிப்பிராயம். தார் சுற்றுவதைத் தறிதோறும் தனி வரியாக எழுதினால், பட்டியலைப் பேணுவதே ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடும்.

இன்னொன்று: மைக்ரோசாப்ட் புராஜெக்ட் சனி, ஞாயிறு இரண்டையும் தானாகவே விடுமுறையாக எண்ணிக்கொள்ளும். அமாவாசையன்று தறி நிறுத்தும் வழக்கம் அதற்குத் தெரியாது. உங்கள் ஊரின் வேலை நாள்களை நாட்காட்டியில் முதலிலேயே திருத்தி அமைத்துவிட்டுப் பணிகளை எழுதத் தொடங்குங்கள்.