தெப்பக்காட்டில் சைக்கிள் பேரணியா? மணி அடிக்கும் முன் நோட்டீசைத் திருத்துங்க!

தெப்பக்காடு முச்சந்தி. ஒரு ரோடு மைசூருக்கு. ஒரு ரோடு கூடலூருக்கு. இன்னொன்று மசினகுடி, கல்லட்டி வழியாக ஊட்டிக்கு. பக்கத்தில் மாயாறு. அக்கரையில் யானை முகாம். சனி, ஞாயிறு வந்தால் போதும், கார், வேன், பஸ், மோட்டார் சைக்கிள் என்று வரிசை கட்டி நிற்கும்.

"இத்தனை வண்டியில சைக்கிளுக்கு எடம் ஏது?" என்று யாராவது கேட்டால் அதில் தப்பு இல்லை.

மலைக்கு வண்டி கட்டுப்படியாகவில்லை என்பதைக் கோர்ட்டே சொல்லிவிட்டது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் அதற்கும் உச்சவரம்பு விதித்தார்கள். சீசன் நாட்களில் தினமும் 6 ஆயிரம் வண்டி, சனி ஞாயிறு என்றால் 8 ஆயிரம். அந்த அளவுக்கு ஆகிவிட்டது நெரிசல்.

சரி, ஒரு சைக்கிள் பேரணி விட்டால் என்ன? கொடி கட்டி, மணி அடித்து, "நாங்களும் இந்த ரோட்டில் இருக்கிறோம்" என்று காட்டினால் என்ன?

நல்ல யோசனைதான். ஆனால் பேரணிக்கு இரண்டு சாமான் வேண்டும். ஒன்று ரோடு. இன்னொன்று காகிதம். அதாவது கோரிக்கை நோட்டீஸ். ரோட்டைப் பற்றி மாசக்கணக்கில் பேசுவார்கள். நோட்டீசை முதல் நாள் ராத்திரி பிரஸ் வாசலில் நின்று எழுதுவார்கள்! பேரணி முடிந்ததும் கூட்டம் கலைந்து போகும். கையில் மிச்சம் நிற்பது அந்தக் காகிதம்தான்.

புதுக்கோட்டை செய்த வேலை

இதை நம் ஊர்க்காரர்கள் ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மலையை விட்டு இறங்கி, தட்டை பூமியான புதுக்கோட்டைக்குப் போனால் போதும்.

1992 மார்ச் 8. சர்வதேச மகளிர் தினம். புதுக்கோட்டை டவுனே வாயைப் பிளந்தது. 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் வந்தார்கள். அத்தனை பேரும் பெண்கள்! வயல் வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் ஜல்லி உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர், சத்துணவு ஊழியர், கிராம நர்சு, டீச்சர்.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண் சைக்கிள் ஏறினால் என்ன பேச்சு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. காது கூசும். அதையும் கேட்டுக்கொண்டு மிதித்தவர்கள் இவர்கள்.

இது ஒரே நாளில் நடந்த கூத்து அல்ல. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவுப் பிரசாரம். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் போய் பாடம் சொல்ல வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வேலை நடக்குமா? அண்ணன், தம்பியின் தயவுக்கு நிற்க முடியுமா? "சைக்கிள் பழகு" என்பதையும் அறிவொளிப் பாடத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

கலெக்டர் அதோடு விடவில்லை. பெண்கள் சைக்கிள் வாங்க பேங்க்குகளைக் கடன் கொடுக்க வைத்தார். இந்த யூனியன் இதைச் செய்ய வேண்டும், அந்த யூனியன் அதைச் செய்ய வேண்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஊருக்கு ஊர் பழக்கும் முகாம், போட்டி, கண்காட்சி. கற்றுக்கொடுக்க ஆட்கள், பாட ஒரு பாட்டு, வாங்கக் கடன். எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பேரணி!

பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் போய்ப் பார்த்து எழுதினார். மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களில், பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நாலில் ஒருவருக்கு மேல் சைக்கிள் பழகிவிட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு லட்சத்துக்கும் மேல்! அந்தக் கட்டுரையை வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பாடமாகவே படித்தார்கள். நம் பிள்ளைகளுக்குத் தெரியாத புதுக்கோட்டைக் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு ருசியான சமாச்சாரம். லேடீஸ் சைக்கிளுக்கு அங்கே தட்டுப்பாடே வந்தது. அது கிடைக்கும்வரை காத்திருக்க மனசில்லாமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். சில பெண்கள் வேண்டுமென்றே ஜென்ட்ஸ் சைக்கிளைக் கேட்டார்கள். ஏன் தெரியுமா? நடுவில் பார் இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! கம்பெனி என்ஜினீயருக்குத் தோன்றாதது தாய்மாருக்குத் தோன்றியது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தப் பெண்களின் கோரிக்கை "பெண் விடுதலை வாழ்க" என்கிற மட்டில் நிற்கவில்லை. கடன் வேண்டும், சைக்கிள் வேண்டும், பழக்க ஆள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஓர் ஆபீஸ் இருந்தது.

பூட்டு இல்லாத வெள்ளை சைக்கிள்

சட்டத்தைப் பார்க்காமல் கோரிக்கை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வெளிநாட்டுக் கதை.

1965-ல் ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 'ப்ரோவோ' என்ற இளைஞர் கூட்டம் ஒரு நோட்டீஸ் போட்டது. நகரத்தின் நடுப்பகுதியில் மோட்டார் வண்டியே கூடாது, நகரசபை வெள்ளை பெயின்ட் அடித்த சைக்கிள்களை ரோட்டில் விட வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், பூட்டு கிடையாது என்றார்கள். தாங்களே சில சைக்கிளுக்கு வெள்ளை அடித்து வெளியே வைத்தார்கள்.

போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது! சைக்கிளைப் பூட்டாமல் விடுவது அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம். இளைஞர்கள் சளைக்கவில்லை. நம்பர் பூட்டு போட்டார்கள். நம்பரை சைக்கிளிலேயே எழுதிவிட்டார்கள். பலே ஆட்கள்தான். ஆனால் நகரசபை கடைசிவரை மசியவில்லை.

அதே நாட்டில் 1971-ல் ரோடு விபத்துகளில் சுமார் 3,300 பேர் செத்தார்கள். அதில் 400-க்கும் மேல் பிள்ளைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'பிள்ளைக் கொலையை நிறுத்து'. அதுவே ஓர் இயக்கத்துக்குப் பெயரானது. பெற்றோர் ரோட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் போராட்டமும், 1973-ல் வந்த பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்து ஹாலந்தின் ரோட்டையே மாற்றின. வெள்ளை சைக்கிளுக்கு அசையாத அதிகாரிகள் பிள்ளைகள் பெயரைச் சொன்னதும் அசைந்தார்கள்.

இங்கே எப்படி?

திரும்ப தெப்பக்காட்டுக்கு வருவோம்.

இந்த ரோட்டில் 2008 முதல் 'டூர் ஆப் நீல்கிரீஸ்' என்ற சைக்கிள் பயணக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். கல்லட்டி ஏற்றத்தை மிதித்தே ஏறியவர்கள். தெப்பக்காட்டிலிருந்து ஊட்டி இந்த வழியில் 36 கிலோமீட்டர்தான். அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். கொண்டை ஊசி வளைவும் 36! இறங்குவது இன்னும் மோசம். விபத்துக்குப் பயந்து வெளியூர் வண்டிகள் இந்த வழியில் ஊட்டியிலிருந்து இறங்கவே தடை போட்டார்கள். அந்த ஏற்றத்தை மிதிக்கிறவர்கள் வீரர்கள். கியர் வைத்த விலை உயர்ந்த சைக்கிள், பின்னால் உதவிக்கு வண்டி. அது வேறு ரகம். எஸ்டேட் லைனிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த சங்கதி யானை. தெப்பக்காடு முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு நடுவில் இருக்கிறது. காரில் போகிறவர் எதிரே யானையைப் பார்த்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பார். சைக்கிள்காரர்? கீழே போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். ஒரு சைக்கிளுக்கே இந்தக் கதி என்றால் 200 சைக்கிள், 200 மணி, மைக் செட்! யானையும் மிரளும், ஆளும் மிரளும். கர்நாடகத்துப் பந்திப்பூர் ரோட்டில் மிருகங்கள் அடிபட்டுச் சாவதைத் தடுக்கத்தான் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை வந்தது. அப்படிப்பட்ட காட்டில் கோஷம் போட்டுக்கொண்டு போவது நியாயம் ஆகாது.

ஆகவே பேரணி தெப்பக்காட்டு மக்களுக்காக இருக்கட்டும், ஆனால் தெப்பக்காட்டில் வேண்டாம். கூடலூர் ரோட்டில் தொரப்பள்ளி செக்போஸ்ட்டோடு காடு முடிகிறது. அங்கே கூடி, கூடலூர் பஸ் ஸ்டாண்டுவரை போகலாம். காட்டுக்குள்ளிருந்து வருகிறவர்கள் சைக்கிளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் தொரப்பள்ளிக்கு வந்துவிடலாம்.

அடி, வெட்டு, திருத்து

இனி நோட்டீஸ். எந்தப் பேரணி நோட்டீசும் எப்படி ஆரம்பிக்கும்? "இயற்கையைக் காப்போம், சைக்கிளில் செல்வோம்" என்று. அழகான வரி. பேனரில் போடுங்கள். நோட்டீசில் வேண்டாம். இதை வாங்கிப் படிக்கிற அதிகாரி "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு டீ கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் செய்ய வேண்டியது எதுவும் அதில் இல்லையே!

அடுத்த வரி: "தெப்பக்காடு ரோட்டின் இரண்டு பக்கமும் சைக்கிள் பாதை அமைத்திடுக." வெட்டுங்கள்! பாதைக்கு இடம் எங்கிருந்து வரும்? மரத்தை வெட்டி, காப்பகத்து நிலத்தை எடுத்துத்தானே போட வேண்டும்? மேல் வரியில் இயற்கையைக் காப்போம், கீழ் வரியில் காட்டை வெட்டு. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த நோட்டீசையும் தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது: "வாகன வேகத்தைக் கட்டுப்படுத்துக." பாதி சரி. யார், எங்கே, எப்போது? "தொரப்பள்ளியிலிருந்து கூடலூர்வரை பள்ளிக்கூடங்களுக்கு முன்னால், பள்ளி திறக்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் போக்குவரத்து போலீசார் நிற்க வேண்டும்" என்று எழுதுங்கள். இப்போது இன்ஸ்பெக்டர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாலாவது பஸ். மலையில் இறக்கத்தில் சைக்கிள் ஓடும், ஏற்றத்தில் ஆள்தான் சைக்கிளைத் தூக்க வேண்டும். முன்பெல்லாம் பஸ் கூரையில் கேரியர் இருந்தது. காய்கறிக் கூடையும் போகும், சைக்கிளும் போகும். "கூடலூர் பக்கம் காலையில் ஒரு டிரிப், மாலையில் ஒரு டிரிப் பஸ்ஸிலாவது சைக்கிள் ஏற்ற வசதி" என்று அரசு போக்குவரத்துக் கழகத்திடம் கேட்கலாம். எல்லா பஸ்ஸிலும் என்று கேட்டால் கிடைக்காது. இரண்டு டிரிப் கேளுங்கள்.

ஐந்தாவதுதான் என் கணக்கில் முதலாவதாக வர வேண்டியது. 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த அரசின் இலவச சைக்கிள் திட்டம், 2005-க்குப் பிறகு பிளஸ்-1 மாணவ, மாணவிகளுக்கெல்லாம் என்று விரிந்தது. தஞ்சாவூர் பிள்ளைக்கு அது வரப்பிரசாதம். கூடலூர் பிள்ளை? கியர் இல்லாத சைக்கிளை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனால், சும்மா நடப்பதைவிட அதிகக் களைப்பு! "மலை மாவட்டத்து மாணவர்களுக்கு கியர் வைத்த சைக்கிள், நல்ல பிரேக்கோடு" என்று ஒரே வரி. கேட்பவர்கள் பிளஸ்-1 பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாவும். பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம். நியாயம் யாருக்கும் புரியும். இதைத்தான் மேலே போட வேண்டும்.

ஐந்தில் இரண்டு போய் மூன்று நிற்கிறது. போதும். பத்து கோரிக்கை கொடுத்தால் அதிகாரி தனக்குச் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டுப் போட்டோ பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று. மூன்று வரியையும் சைக்கிள் ஓட்டாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். மளிகைக் கடைக்காரர், ஜீப் டிரைவர், லாட்ஜ் மேனேஜர். "இதனால என் பொழப்பு கெடுமா?" என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் இல்லாத வரியை மறுபடி திருத்துங்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. அவர்களை எதிரியாக்கினால் பேரணி கூடலூர் கடைவீதியிலேயே நின்றுவிடும்.

அனுமதி

காட்டுக்குள் கூடவில்லை என்றாலும் வனத்துறைக்கு ஒரு தகவல் கடிதம் கொடுப்பது மரியாதை. போலீஸ் அனுமதி கட்டாயம் வேண்டும். 1861-ம் வருஷத்துப் போலீஸ் சட்டம் 30-வது பிரிவு ஊர்வலங்களை முறைப்படுத்தும் அதிகாரத்தை போலீசாருக்குக் கொடுத்திருக்கிறது. வழி, நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்று தெளிவாக எழுதி, நாள் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் போய் நின்றால் யார் கொடுப்பார்கள்?

முன்னால் ஒரு பம்பு, பின்னால் பஞ்சர் ஒட்டுகிற ஒருவர். சின்னப் பிள்ளைகள் நடுவில். பிரேக் பிடிக்காத சைக்கிளை வரிசையில் சேர்க்கவே கூடாது. கூடலூர் மேடும் பள்ளமுமான ஊர்.

நாள்? ஞாயிற்றுக்கிழமை வைப்பது தோது. மறுநாள் திங்கள். ஊட்டி கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முதல் பஸ்ஸைப் பிடித்து மூன்று வரி நோட்டீசோடு மனுவைக் கொடுத்துவிடலாம். மனுவுக்கு நம்பர் போட்டு ரசீது தருவார்கள். அதை வாங்காமல் வெளியே வந்துவிடாதீர்கள்!